கணித மேதையின் மாவாலை: நாட்டிங்ஹாம் கிரீன் காற்றாலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாட்டிங்ஹாமுக்கு எங்களைப் பார்க்க யார் வந்தாலும், வந்த மறுநாளே ஸ்னென்டன் மேட்டுக்கு அழைத்துப்போய்விடுவேன். நகரத்தின் கிழக்குப் பக்கம், வீடுகளுக்கு நடுவே, வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு செங்கல் கோபுரம் நான்கு இறக்கைகளோடு நிற்கும். அதுதான் கிரீன் காற்றாலை. வருகிறவர்களின் ஊரும் வயதும் படிப்பும் வேறுவேறு. கேட்கும் கேள்விகள் மட்டும் கிட்டத்தட்ட ஒன்றே. அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே அவற்றை எழுதி, படியேறும் அவசரம் இல்லாமல் நிதானமாகப் பதில் சொல்லியிருக்கிறேன்.

காற்றாலைன்னா கரண்ட் எடுக்கிறதுதானே? இதுல மாவு எங்கேருந்து வந்துச்சு?

காற்றாலை என்றதும் முப்பந்தல் பக்கம் வரிசையாக நிற்கும் வெள்ளைக் கம்பங்கள்தான் நமக்கு நினைவு வரும். ஆனால் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். கரும்பு ஆட்டும் இடம் கரும்பாலை. ஆலை என்ற சொல்லிலேயே ஆட்டுவதும் அரைப்பதும் இருக்கிறது. அந்தக் கணக்கில் காற்றாலை என்ற பெயர் மின்சாரக் கம்பத்தைவிட இந்த மாவு மில்லுக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும்.

காற்றிலிருந்து மின்சாரம் எடுத்தது ரொம்பவும் பிந்திய கதை. 1887-ல் ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் பிளைத் என்ற பேராசிரியர் தன் விடுமுறை வீட்டுத் தோட்டத்தில் துணிப்பாய் கட்டிய ஒரு காற்றாலையை நிறுத்தி வீட்டுக்கு விளக்கேற்றினார். அதற்கு எழுநூறு ஆண்டுகள் முன்பிருந்தே இங்கிலாந்தில் காற்று கோதுமை அரைத்துக்கொண்டிருந்தது.

இங்கிலாந்திலேயே பழைய காற்றாலை இதுதானா?

இல்லை. இது 1807-ல் கட்டியது. காற்றாலைகளின் குடும்பத்தில் இளையது. பிட்ஸ்டோன் காற்றாலையின் மரச்சட்டத்தில் 1627 என்று செதுக்கியிருக்கிறது. அவுட்வுட் காற்றாலை 1665-ஐச் சேர்ந்தது. வாரிக்ஷயரில் செஸ்டர்டன் என்ற இடத்தில், ஆறு தூண்கள் மேல் வளைவுகளோடு மண்டபம் போல நிற்கும் கல் காற்றாலை 1630-களில் எழுந்தது.

எழுத்துப் பதிவுகள் இன்னும் பின்னால் போகின்றன. யார்க்ஷயரில் ஒரு காற்றாலைக்கு வாடகை வாங்கிய கணக்கு 1185-லேயே இருக்கிறது.

காத்து யாருக்கும் சொந்தமில்லையே. அப்போ யார் வேணும்னாலும் கட்டியிருக்கலாமே?

இந்தக் கேள்விக்காகவே 1191-ல் ஒரு பெரிய சண்டை நடந்தது. பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊரில் ஹெர்பர்ட் என்ற பாதிரியார் தன் நிலத்தில் ஒரு காற்றாலை கட்டினார். அந்த வட்டாரத்தில் மாவரைக்கும் உரிமை மடத்துக்குச் சொந்தம். ஊரார் மடத்து ஆலையில்தான் அரைத்து அதற்குக் கூலி கொடுக்கவேண்டும். சேதி கேட்ட மடாதிபதி சாம்சன், அந்தக் கட்டடத்தை இடிக்கும்வரை ரொட்டி தின்னமாட்டேன் என்று கொதித்தார்.

ஹெர்பர்ட் நேரில் போய்ச் சொன்ன வாதம் நீங்கள் கேட்டதேதான்: காற்றின் பயனை யாருக்கும் மறுக்கக்கூடாது, என் சொந்தத் தானியத்தை மட்டும்தான் அரைப்பேன். எடுபடவில்லை. மடத்து ஆட்கள் இடிக்க வருவதற்குள் அவரே ஆலையைப் பிரித்துப்போட்டுவிட்டார். அந்த மடத்திலேயே இருந்த ஜோஸலின் என்ற துறவி இதை எழுதிவைத்ததால் நமக்குத் தெரிகிறது. காற்று யாருடையது என்பதில் வழக்கில்லை. அரைக்கும் உரிமை யாருடையது என்பதில்தான் வழக்கு.

இதைக் கட்டினது யாரு?

ஜார்ஜ் கிரீன் என்ற ரொட்டிக்கடைக்காரர். மகனுக்கும் அதே பெயர். அந்த மகன்தான் கணித மேதை. குழப்பம் வராமல் இருக்க இங்கே ஒருவரை அப்பா கிரீன் என்றும் மற்றவரை வெறும் கிரீன் என்றும் சொல்கிறேன்.

அப்பா கிரீனுக்கு நாட்டிங்ஹாம் நகருக்குள் ரொட்டிக்கடை. பிரான்சோடு போர் நடந்த காலம். விளைச்சலும் பொய்த்துத் தானிய விலை ஏறிக்கிடந்தது. 1800-ல் நாட்டிங்ஹாமில் பசித்த கூட்டம் ரொட்டிக்கடைகளைத் தாக்கியது. ரொட்டி சுடுகிறவருக்கு மாவுதான் உயிர்நாடி. மாவைத் தானே அரைத்துக்கொண்டால் இன்னொருவரை நம்பியிருக்க வேண்டாம். அப்போது ஸ்னென்டன் நகரத்துக்கு வெளியே தனிக் கிராமம். மேடு, நல்ல காற்று. 1807-ல் அங்கே ஆலை எழுந்தது. பத்து வருஷம் கழித்துப் பக்கத்திலேயே வீடும் கட்டிக் குடும்பம் குடிவந்தது.

படத்துல பார்த்த காற்றாலை எல்லாம் மரத்துல இருந்துச்சே, இது ஏன் செங்கல்?

இங்கிலாந்துக் காற்றாலையில் மூன்று வகை உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே பிரச்சினை: காற்று திசை மாறும், இறக்கைகள் அதற்கு எதிராகவே முகம் காட்டவேண்டும். முதல் வகை தூண் காற்றாலை. ஒரு பெரிய ஓக் மரத் தூண். அதன் மேல் கல், சக்கரம், மூட்டை எல்லாம் அடங்கிய மரவீடு முழுவதும் உட்கார்ந்திருக்கும். காற்று மாறினால், பின்னால் நீட்டியிருக்கும் நீண்ட கழியைப் பிடித்துத் தள்ளி வீட்டையே திருப்பவேண்டும். மேலே சொன்ன பிட்ஸ்டோனும் அவுட்வுட்டும் இந்த வகை.

அப்புறம்தான் ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது: திரும்பவேண்டியது இறக்கை மட்டும்தானே, வீடு எதற்கு? உச்சியில் ஒரு தொப்பியை மட்டும் திரும்பும்படி வைத்து, கீழே உள்ளதை அசையாமல் கட்டினால் போதும். அசையவேண்டாம் என்றானதும் எடையைப் பற்றிக் கவலை இல்லை; செங்கல்லிலோ கல்லிலோ எவ்வளவு உயரமும் எழுப்பலாம். கிரீன் ஆலை அந்தக் கோபுர வகை. கீழ்ப்பாகம் எட்டுப்பட்டை மரக்கூண்டாக இருந்தால் அது மூன்றாவது வகை. அந்தக் காலத்து உழவர்கள் போட்ட ஸ்மாக் என்ற தொளதொள அங்கி போல இருக்கும் என்பதால் அந்த அங்கியின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள்.

உள்ளே என்னதான் நடக்குது? ஒரு தடவை முதல்லேர்ந்து சொல்லுங்க.

காற்றின் சக்தி மேலிருந்து கீழே இறங்குகிறது. இறக்கைகள் பூட்டிய பெரிய இருசு தொப்பிக்குள் கிடைமட்டமாக, முன்பக்கம் சற்றுத் தூக்கலாகப் படுத்திருக்கிறது. அதில் ஆளுயரத்தைத் தாண்டிய ஒரு பல்சக்கரம். அது, செங்குத்தாகக் கீழே இறங்கும் ஒரு நடு இருசைச் சுற்றவைக்கிறது. அந்த இருசு கல் இருக்கும் தளத்துக்கு வந்ததும் அங்கே இன்னொரு பெரிய பல்சக்கரம். அதன் விளிம்பைக் கடித்தபடி சின்னச்சின்னப் பல்சக்கரங்கள், ஒவ்வொரு ஜோடிக் கல்லுக்கும் ஒன்று. இறக்கை நிமிடத்துக்கு 12, 15 சுற்று சுற்றும்போது கல் நூறு சுற்றைத் தாண்டும். நிதானமான காற்றை வேகமான கல்லாக மாற்றுவதுதான் இந்தப் பல்சக்கரங்களின் வேலை.

கோதுமைக்கும் அதே பயணம்தான், ஆனால் முதலில் மேலே போகவேண்டும். மூட்டையைச் சங்கிலியில் மாட்டிக் கயிற்றை இழுத்தால் காற்றே அதைத் தூக்கிவிடும். ஒவ்வொரு தளத்திலும் இரட்டைக் கதவு போட்ட ஓட்டை. மூட்டை கீழிருந்து முட்டித் திறந்துகொண்டு போகும், போனதும் கதவு தானாக மூடிக்கொள்ளும். குழந்தைகளுக்கு இதைக் காட்டினால் அங்கேயே நின்றுவிடுவார்கள். உச்சித் தளத்துத் தொட்டியில் கொட்டிய கோதுமை தன் எடையிலேயே கல்லுக்கு இறங்கி, மாவாகி, சரிவுக் குழாய் வழியாகக் கீழ்த்தளத்துச் சாக்குக்கு வருகிறது. ஒருமுறை தூக்கினால் போதும்.

கல்லுக்குள் கோதுமை சீராக விழுவதற்கு ஒரு சாய்ந்த மரத்தட்டு. சுழலும் ஒரு கட்டை அதை இடைவிடாமல் தட்டும். கல் வேகமாகச் சுற்றினால் தட்டுவதும் கூடும், கோதுமையும் கூடுதலாக விழும், மெதுவானால் குறையும். கேட்டு வாங்கிச் சாப்பிடும் இயந்திரம்.

நம்ம திரிகை மாதிரிதானா அந்தக் கல்லு?

அதே திரிகைதான், உருவத்தில் பூதம். கீழ்க்கல் அசையாது, மேல்கல் சுற்றும், நடுக்குழியில் தானியம் போகும், ஓரத்தில் மாவு வரும். கல்லின் குறுக்களவு சுமார் 4 அடி, எடை கிட்டத்தட்ட ஒரு டன். ஒரு முக்கியமான வித்தியாசம்: இங்கே இரண்டு கல்லும் உரசக்கூடாது. நடுவில் சற்று அதிக இடைவெளி, ஓரத்துக்கு வரவர மெல்லிய காகிதம் நுழையும் அளவு. அந்த இடைவெளியில்தான் கோதுமை வெட்டுப்பட்டு மாவாகிறது.

வெட்டுகிறது என்று சொன்னது யோசித்துத்தான். இரண்டு கல்லிலும் நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் பள்ளக்கோடுகள் கொத்தியிருக்கும். மேல்கல் கவிழ்ந்து சுற்றும்போது கோடுகள் ஒன்றையொன்று கத்தரி போலக் கடக்கும். மழுங்கினால் மேல்கல்லைப் புரட்டிப்போட்டுத் திரும்பக் கொத்தவேண்டும். அம்மி கொத்த வருகிறவர்கள் போல, ஊர் ஊராகப் போய் ஆலைக்கல் கொத்துகிறவர்கள் இங்கேயும் இருந்தார்கள். உளியிலிருந்து தெறிக்கும் இரும்புத் துணுக்குகள் அவர்கள் புறங்கையில் தைத்துக் கறுப்புப் புள்ளிகளாகத் தங்கிவிடும். எத்தனை வருஷ அனுபவம் என்பதைக் கையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

வெள்ளை மாவுக்கு உயர்ந்த கல் பிரான்சிலிருந்து வந்தது. சிறுசிறு துண்டுகளாக வரும். அவற்றை ஒட்டவைத்து இரும்புப் பட்டை பூட்டி ஒரு கல்லாக்குவார்கள். பக்கத்து டார்பிஷயர் மலைக்கல் ஒரே துண்டாகக் கிடைக்கும், ஆனால் சொரசொரப்பு; மாட்டுத் தீவனம் அரைக்கத்தான் அதிகம் பயன்பட்டது.

இறக்கை எல்லாம் வெறும் சட்டமா இருக்கே, காத்து உள்ளே பூந்து போயிடாதா?

போகத்தான் செய்யும், போகவும் வேண்டும். பழைய முறையில் மரச்சட்டத்தின் மேல் கப்பல் பாய் போலத் துணி விரிப்பார்கள். காற்று குறைவென்றால் முழுத்துணி, அதிகமென்றால் பாதி. இதில் பெரிய துன்பம், துணியைச் சுருக்க ஆலையை நிறுத்தி ஒவ்வோர் இறக்கையாகக் கீழே கொண்டுவரவேண்டும். நடுராத்திரியில் புயல் எழுந்தால் அந்த மனிதர் என்ன பாடுபட்டிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

1772-ல் ஆண்ட்ரூ மெய்க்கிள் என்ற ஸ்காட்லாந்துக்காரர் துணிக்குப் பதில் ஜன்னல் அடைப்பு போன்ற சிறு பலகைகளை வரிசையாக மாட்டி, வில்கம்பியால் மூடிவைத்தார். காற்று மிஞ்சினால் அவை தாமே திறந்துகொள்ளும். ஆனாலும் வில்லின் விறைப்பை மாற்ற ஆலையை நிறுத்தியே ஆகவேண்டும். வில்லியம் க்யூபிட் அந்தக் குறையையும் தீர்த்தார். நான்கு இறக்கைகளின் பலகைகளையும் ஒரே கம்பியோடு இணைத்து, அந்தக் கம்பியை இருசின் நடுத்துளை வழியாகப் பின்பக்கம் கொண்டுவந்து, ஒரு சங்கிலியில் எடைக்கட்டியைத் தொங்கவிட்டார். காற்று எடையைவிட அழுத்தினால் பலகை திறந்து மிச்சத்தை விட்டுவிடும். காற்று தணிந்தால் எடை இழுத்து மூடிவிடும். எவ்வளவு எடை என்பதைத் தரையில் நின்றபடியே, ஓடும்போதே மாற்றலாம். அவர் காப்புரிமை வாங்கியது 1807. ஸ்னென்டனில் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்த அதே ஆண்டு.

இறக்கை நேராக இல்லாம முறுக்கின மாதிரி இருக்கே, பழசாகி வளைஞ்சு போச்சா?

வளைந்துபோகவில்லை, முறுக்கித்தான் செய்வார்கள். இறக்கையின் நுனி வேகமாகவும் அடிப்பகுதி மெதுவாகவும் போகிறது. அதனால் இரண்டுக்கும் காற்று வந்து படும் சாய்வு வேறு. ஜான் ஸ்மீட்டன் என்ற பொறியாளர் சின்ன மாதிரி இறக்கைகளைச் சுற்றவிட்டு அளந்து, உள்பக்கம் சுமார் 18 பாகை, நுனியில் சுமார் 7 பாகை சாய்வு நல்லது என்று கண்டார். அந்த ஆராய்ச்சிக்காக 1759-ல் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகம் அவருக்குக் காப்லி பதக்கம் கொடுத்தது. இன்றைய மின்காற்றாலையின் இறக்கையிலும் இந்த முறுக்கு உண்டு.

காத்து திசை மாறினா யாரு திருப்புவாங்க?

தொப்பியின் பின்பக்கத்தைப் பாருங்கள், ஒரு சின்னக் காற்றாடி தெரியும். அதை வால்விசிறி என்று வைத்துக்கொள்வோம். அது பெரிய இறக்கைகளுக்குக் குறுக்கே, செங்கோணத்தில் நிற்கிறது. காற்று முன்பக்கமிருந்து நேராக வரும்வரை அது சும்மா இருக்கும். திசை கொஞ்சம் விலகினால் விசிறியின் மேல் காற்று சாய்வாகப் படும், சுற்றும், பல்சக்கரங்கள் வழியாகத் தொப்பியை அங்குலம் அங்குலமாக நகர்த்தும். இறக்கை மறுபடி காற்றுக்கு நேர்முகம் ஆனதும் விசிறிக்குக் காற்று கிடைக்காது, நின்றுவிடும். 1745-ல் எட்மண்ட் லீ இதற்குக் காப்புரிமை வாங்கினார்.

இந்த ஆலையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தவறு ஏற்பட்டால் அந்தத் தவறே திருத்தத்துக்கான சக்தியைத் தருகிறது. திருத்தி முடிந்ததும் அது ஓய்ந்துவிடுகிறது. மனிதர் கையில்லாமல் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் இயந்திரங்களில் இது மிக முந்தியவற்றில் ஒன்று.

சரி, திடீர்னு பின்னாலிருந்து காத்து அடிச்சா?

ஆலைக்காரர்கள் பயந்தது இதற்குத்தான். தொப்பி, இறக்கை, இருசு எல்லாம் முன்னாலிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கும்படி கட்டியவை. வால்விசிறி நிதானமாகத்தான் திருப்பும். இடிமழையில் காற்று ஒரே நொடியில் எதிர்ப்பக்கம் மாறினால் அதனால் ஈடுகொடுக்க முடியாது. 1890-ல் லிங்கன்ஷயரின் ஹெக்கிங்டன் காற்றாலைக்கு அப்படித்தான் நேர்ந்தது. புயல் இறக்கைகளை அழித்துவிட்டது. அப்புறம் ஜான் போக்லிங்டன் என்பவர் பாஸ்டன் ஊரில் கைவிடப்பட்ட ஓர் எட்டிறக்கை ஆலையின் பாகங்களை வாங்கி 1892-ல் அங்கே பூட்டினார். இன்று பிரிட்டனில் எட்டு இறக்கையோடு நிற்கும் ஒரே காற்றாலை அது.

புது காற்றாலைக்கு மூணு ஒல்லி இறக்கை, இதுக்கு நாலு அகல இறக்கை. ஏன்?

வேலை வேறு. மின்சாரம் எடுக்க வேகம் வேண்டும். அதனால் ஒல்லியான இறக்கைகள், நுனி காற்றைப்போல ஆறேழு மடங்கு வேகத்தில் பறக்கும். இங்கே சுற்றவேண்டியது ஒரு டன் கல். நின்ற நிலையிலிருந்து அதை நகர்த்த முறுக்குவிசை வேண்டும், அதற்கு அகலமான பரப்பு வேண்டும். நான்கு என்ற எண்ணுக்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு: நான்கில் ஒன்று உடைந்தால் எதிரே இருப்பதையும் கழற்றிவிட்டு இரண்டை வைத்து ஓட்டலாம். ஐந்து இறக்கை ஆலையில் ஒன்று போனால் சமநிலையே போய்விடும்.

காத்து வேகம் கூடினா மாவு கருகிடாதா?

இறக்கைப் பலகைகள் முதல் காவல். அதைத் தாண்டியும் கல்லின் வேகம் ஏறி இறங்கும். வேகம் கூடும்போது மேல்கல் சற்று எழும்பி மாவு கொரகொரப்பாகும். அந்தக் காலத்தில் ஆலைக்காரர் விழும் மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்தபடியே இருப்பார். சூடாகவோ கொரகொரவென்றோ இருந்தால் திருகைத் திருப்பிக் கல்லைச் சரிசெய்வார்.

பிறகு அந்த வேலையை இரண்டு இரும்புக் குண்டுகள் ஏற்றுக்கொண்டன. சுழலும் இருசில் தொங்கும் குண்டுகள் வேகம் கூடினால் விலகி மேலெழும். அந்த அசைவு நெம்புகோல் வழியாகக் கல்லைக் கீழே இறக்கும். தாமஸ் மீட் 1787-ல் இதைக் காற்றாலைக்காகப் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு லண்டனில் ஒரு மாவாலையில் இதைப் போன்ற கருவியைப் பார்த்த மேத்யூ போல்டன், கூட்டாளி ஜேம்ஸ் வாட்டுக்குக் கடிதம் எழுதினார். நீராவி எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும், கவர்னர் என்ற புகழ்பெற்ற கருவி அப்படி மாவாலையிலிருந்து போனது.

இரும்புச் சக்கரம் இருக்கும்போது சிலதுல மரப்பல் ஏன்?

ஆலைகளில் ஒரு சக்கரம் இரும்பு, அதோடு கடிக்கும் சக்கரத்துக்கு மரப்பல் என்று ஜோடி சேர்ப்பது வழக்கம். சத்தம் குறையும், தீப்பொறி வராது. மாவுத்தூள் பறக்கும் இடத்தில் அது பெரிய விஷயம். ஏதாவது சிக்கிக்கொண்டால் ஒரு மரப்பல் மட்டும் உடையும், வேறொன்றைச் செதுக்கிச் சொருகலாம்.

இதில் ஓர் அழகான கணக்கு ஒளிந்திருக்கிறது. 60 பல் சக்கரமும் 20 பல் சக்கரமும் சேர்ந்தால் சின்னச் சக்கரத்தின் ஒரு பல் எப்போதும் பெரியதன் அதே மூன்று பற்களைத்தான் சந்திக்கும். ஒன்று கோணலானால் அவையும் கெடும். பெரிய சக்கரத்தில் ஒரு பல்லைக் கூட்டி 61 ஆக்கினால் இரண்டுக்கும் 1 தவிரப் பொது வகுஎண் இல்லை. ஒவ்வொரு பல்லும் எதிரிலுள்ள எல்லாப் பற்களையும் முறைவைத்துச் சந்தித்து, தேய்மானத்தைப் பங்கிட்டுக்கொள்ளும்.

காலேஜ்ல படிச்ச கிரீன் தேற்றம், அந்த கிரீனா இவரு?

அவரேதான். 1793-ல் பிறந்தார். பள்ளிக்கூடம் போனது எட்டு ஒன்பது வயதில், நான்கு பருவம் மட்டும். அப்புறம் ரொட்டிக்கடை, பிறகு ஆலை. 1823-ல் நாட்டிங்ஹாம் சந்தா நூலகத்தில் சேர்ந்தார். 1828-ல், யாரும் கேட்காமலே, மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் கணிதப் பகுப்பாய்வைப் பயன்படுத்துவது பற்றி ஒரு நூலைச் சொந்தமாக அச்சிட்டார். அந்த நூலுக்குச் சந்தா கொடுத்தவர்கள் 51 பேர். விலை ஏழரை ஷில்லிங்.

அவர்களில் கணிதம் தெரிந்தவரான சர் எட்வர்ட் பிரோம்ஹெட் உதவி செய்வதாகக் கடிதம் எழுதினார். கிரீன் பதில் எழுத ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆனது. பெரிய மனிதர் மரியாதைக்குச் சொல்கிறார், அதை நம்பி எழுதுவது முறையல்ல என்று பக்கத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். 1829-ல் அப்பா இறந்தபின் ஆலையைக் குத்தகைக்கு விட்டு, பிரோம்ஹெட்டின் ஊக்கத்தால், 1833-ல் தன் நாற்பதாவது வயதில் கேம்பிரிட்ஜில் மாணவராகச் சேர்ந்தார். கணிதத் தேர்வில் நான்காம் இடம்.

அவர் கண்டுபிடிச்சதை எனக்குப் புரியற மாதிரி சொல்ல முடியுமா?

ஒன்று, பன்னிரண்டாம் வகுப்பில் மின்னழுத்தம் என்று படிக்கிறோமே, அந்தக் கருத்துக்குக் கணிதத்தில் உறுதியான இடமும் ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயரும் கொடுத்தவர் அவர். இரண்டு, ஒரு பகுதிக்குள்ளே நடப்பதை அதன் எல்லையில் நடப்பதோடு இணைக்கும் சமன்பாடுகள். கல்லூரியில் இருபரிமாணத்தில் எழுதிப் படிக்கும் கிரீன் தேற்றத்தை அவர் அதே வடிவில் எழுதவில்லை, அவருடையது முப்பரிமாணம். பெயர் மட்டும் அவரை நினைத்து வைத்தது.

மூன்றாவதுதான் உலகை ஆண்டது. குளத்தில் ஒரே ஒரு கல் போட்டால் அலை எப்படிப் பரவும் என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருமழையே பெய்தாலும், ஒவ்வொரு துளியின் அலையையும் கூட்டினால் போதும், விடை வந்துவிடும். அந்த ஒற்றைக் கல்லின் விளைவைத்தான் இன்று கிரீன் சார்பு என்கிறார்கள். பூகம்ப அலை முதல் குவாண்டம் இயற்பியல் வரை அது இல்லாத இடம் குறைவு.

ஆலையைப் பார்த்துத்தான் அவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தோணுச்சா?

அப்படிச் சொல்ல எல்லோருக்கும் ஆசை, எனக்கும் உண்டு. ஆனால் அவர் எழுதிய நூலின் பொருள் மின்சாரமும் காந்தமும். அதற்கு வேர், அவர் படித்த லாப்லாஸ், புவாஸோன் போன்ற பிரெஞ்சுக் கணித அறிஞர்கள். ஆலை அவருக்குக் கொடுத்தது வேறு: கடுமையான உழைப்பும், அதற்கு நடுவே திருடிக்கொண்ட தனிமையும். மேல்தளத்தில் உட்கார்ந்து படித்தார் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படுவது. பல்லெண்ணிக்கை, குண்டுக் கவர்னர் என்று மேலே சொன்னவை ஆலை கட்டும் தச்சர்களின் அறிவு. அதைக் கிரீனின் கணக்கில் சேர்த்தால் அந்தத் தச்சர்களுக்கு அநியாயம் செய்வோம்.

அவருக்குக் குடும்பம் இருந்துச்சா?

ஆலையின் மேலாளர் வில்லியம் ஸ்மித்தின் மகள் ஜேன் ஸ்மித்தோடு வாழ்ந்தார், ஏழு பிள்ளைகள். முறைப்படி மணம் செய்துகொள்ளவில்லை. 1839-ல் கேம்பிரிட்ஜ் கல்லூரியில் அவருக்குக் கிடைத்த ஆய்வுப் பதவி மணமாகாதவர்களுக்கு மட்டுமே உரியது. உடல்நலம் கெட்டு ஊர் திரும்பியவர் 1841-ல், 47 வயதில் இறந்தார். ஆலைக்கு அருகிலேயே, செயின்ட் ஸ்டீபன் தேவாலயத் தோட்டத்தில் அடக்கம். ஜேன் 1877 வரை வாழ்ந்தார். ஆலையைப் பார்க்க வருகிறவர்கள் அந்தக் கல்லறைக்கும் ஒரு நடை போய்விட்டு வரவேண்டும்.

இவ்வளவு பெரிய ஆளு, அப்போவே ஏன் யாருக்கும் தெரியலை?

51 பேரில் அந்த நூலைப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் மிகச் சிலர். அவர் இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன் என்ற இளைஞர் வேறொருவர் கட்டுரையில் இந்த நூலைப் பற்றி ஒரு குறிப்பைப் படித்துத் தேடினார். கேம்பிரிட்ஜ் ஆசிரியர் ஹாப்கின்ஸிடமே பிரதிகள் இருந்தன. 1845 ஜனவரியில் அதை எடுத்துக்கொண்டு பாரிஸ் போனார் தாம்சன். அங்கிருந்த கணித அறிஞர்கள் அசந்துபோனார்கள். பெர்லினில் கிரெல் என்பவர் நடத்திய கணித இதழில் 1850 முதல் 1854 வரை மூன்று பகுதிகளாக வெளிவந்தபோதுதான் உலகம் படித்தது. 1993-ல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில், நியூட்டன் அடங்கிய இடத்துக்கு அருகே, கிரீனுக்கும் ஒரு நினைவுக்கல் பதித்தார்கள்.

ஆலை ஏன் நின்னு போச்சு?

இது 1860-களில் நின்றது. காற்று வரும்வரை காத்திருக்காத நீராவி ஆலைகள் ஒரு பக்கம். 1846-ல் தானிய இறக்குமதி வரிச் சட்டங்களை நீக்கியபின் வெளிநாட்டுக் கோதுமை துறைமுகங்களில் குவிந்தது இன்னொரு பக்கம். பின்னர் உருளை இயந்திரங்கள் வந்து, தவிட்டை முழுதாகப் பிரித்து வெள்ளைவெளேர் மாவு கொடுத்ததும் நாடு முழுவதும் கல் ஆலைகள் ஓய்ந்தன.

இப்போ நிக்கிறது நிஜமாவே பழைய ஆலையா, இல்ல புதுசா கட்டினதா?

கோபுரம் பழையது, அப்பா கிரீன் எழுப்பியது. 1920-களில் மழை புகாமல் உச்சியில் செம்புத் தொப்பி போட்டார்கள். பிறகு மெருகுப்பசை செய்யும் பட்டறையாக இருந்தது. 1947-ல் தீப்பிடித்து உள்ளே இருந்ததெல்லாம் எரிந்துபோனது. இடிபடாமல் காத்தது கிரீனின் பெயர்தான்: பல்கலைக்கழகத்தார் நிதி திரட்டி 1979-ல் வாங்கி நகரசபையிடம் ஒப்படைத்தார்கள். தொப்பி, இறக்கை, சக்கரம் எல்லாம் 1980-களில் மறுபடி அமைத்தவை. 1986-ல் திரும்பவும் மாவரைத்தது.

அப்படியானால் பாதி புதியதுதானே என்று கேட்பீர்கள். ஓடும் காற்றாலை எதுவும் முழுக்கப் பழையதாக இருந்ததில்லை. மரப்பல் தேயும், இறக்கை இற்றுப்போகும், கல் கொத்திக்கொத்தி மெலியும்; கிரீன் காலத்திலேயே அவற்றை மாற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். மாற்றுவதை நிறுத்தியபோதுதான் இது காலிக் கோபுரமானது. இப்போது காற்றுள்ள நாளில் போனால் படியில் ஏறும்போதே தரைப்பலகை காலுக்கடியில் அதிரும். கீழே வந்து, இங்கேயே அரைத்த மாவை ஒரு பை வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுச் சப்பாத்தி அதில்தான்.